147, 124: சொந்த மண்ணில் எட்டாமல் போன இரண்டு இலக்குகள்

2024 நவம்பர் 3, மும்பை வான்கடேயில் டெஸ்ட் ஆட்டம். நியூசிலாந்து வைத்த இலக்கு 147. இந்தியா 121-க்கு ஆல் அவுட். 25 ரன்னில் தோல்வி. 2025 நவம்பர் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். தென்னாப்பிரிக்கா வைத்த இலக்கு 124. இந்தியா 93-க்குச் சுருண்டது. 30 ரன்னில் தோல்வி. இரண்டு ஆட்டமும் மூன்றாம் நாளிலேயே முடிந்தன. இரண்டிலும் முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்றது இந்தியாதான். மும்பையில் 28 ரன், கொல்கத்தாவில் 30 ரன்.

இந்த இரண்டு தோல்விக்கும் நடுவே ஓராண்டு ஓடியது. அந்த ஓராண்டில் ரசிகர்கள் ஆத்திரத்தில் கேட்டது பெரும்பாலும் நடந்தும்விட்டது. "சீனியர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார்கள். அஸ்வின் 2024 டிசம்பரிலும், ரோஹித்தும் கோலியும் 2025 மே மாதத்திலும் டெஸ்ட்டிலிருந்து விலகினார்கள். கில் கேப்டன் ஆனார். புது அணி இங்கிலாந்தில் 2-2 என்று தொடரைச் சமன் செய்தது, சொந்த மண்ணில் வெஸ்ட் இண்டீஸை 2-0 என்று வென்றது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தபோது கொல்கத்தாவில் பழைய காட்சியே திரும்ப ஓடியது. ஆட்கள் மாறினார்கள், முடிவு மாறவில்லை. அதனால்தான் இந்த இரண்டு சேஸிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மும்பைக்கு முன்னால் நடந்தது

நியூசிலாந்து தொடரின் கதை பெங்களூருவில் தொடங்கவில்லை, கான்பூரில் தொடங்குகிறது. அதற்குச் சில வாரம் முன்பு வங்கதேசத்துக்கு எதிரான கான்பூர் டெஸ்டில் மழையால் இரண்டு நாள் முழுதாகப் போயிற்று. மீதி நேரத்தில் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று இந்தியா 34.4 ஓவரில் 285 ரன் விளாசி டிக்ளேர் செய்தது, ஜெயிக்கவும் செய்தது. அந்த அவசரத்துக்கு அங்கே காரணம் இருந்தது. ஆனால் அதன் பிறகு அந்த வேகமே அணியின் கொள்கை என்று பேசப்பட்டது.

அடுத்த டெஸ்ட் பெங்களூரு. முதல் நாள் மழை, இரண்டாம் நாள் மேகமூட்டம், மூடியே கிடந்த ஈரமான பிட்ச். டாஸ் வென்ற ரோஹித் பேட்டிங் எடுத்தார். 31.2 ஓவரில் 46 ரன். இந்திய மண்ணில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர் அது. மாட் ஹென்றி 15 ரன்னுக்கு 5, ஓ'ரூர்க் 22 ரன்னுக்கு 4. ஐந்து பேர் டக். பிட்சைக் கணித்ததில் பிழை என்று ரோஹித் வெளிப்படையாகவே சொன்னார். இரண்டாவது இன்னிங்ஸில் சர்ஃபராஸ் 150, பந்த் 99 என்று அடித்து 408/3 வரை வந்தார்கள். இரண்டாவது புதுப்பந்து எடுத்ததும் மீதி ஏழு விக்கெட்டும் 54 ரன்னில் போனது. நியூசிலாந்து எட்டு விக்கெட்டில் ஜெயித்தது. 1988-க்குப் பிறகு இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி.

இங்கே வேகப்பந்து தோற்கடித்தது. மருந்தாகத் தேர்ந்தெடுத்ததோ சுழல். புனேயில் பந்து மெதுவாகவும் தாழ்வாகவும் திரும்பியது. உள்நாட்டுப் போட்டியான ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 152 அடித்த கையோடு அணிக்குள் வந்த வாஷிங்டன் சுந்தர் 59 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார், மீதி மூன்று அஸ்வினுக்கு. நியூசிலாந்தின் முதல் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டும் தமிழ்நாட்டுக்காரர்கள் இருவருக்கே. அந்தப் பெருமை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. அதற்கு முன் டெஸ்டில் ஒரு முறைகூட ஐந்து விக்கெட் எடுக்காத மிட்செல் சான்ட்னர் 7/53, 6/104 என்று பதிமூன்று விக்கெட் அள்ளினார். 113 ரன்னில் தோல்வி. 2013-லிருந்து தொடர்ந்து 18 தொடர் ஜெயித்த சொந்த மண் கோட்டை அங்கே இடிந்தது.

இந்த இடத்தில் எடுத்த முடிவுதான் இந்த ஆய்வின் முதல் திருப்பம். சுழலில் தோற்ற அணி, அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் அதிகமாகச் சுழலும் மும்பைப் பிட்சில் இறங்கியது.

வான்கடே, மூன்றாம் நாள் காலை

நியூசிலாந்தின் கடைசி விக்கெட் விழுந்து சேஸிங் தொடங்கியபோது மூன்றாம் நாளின் முதல் மணி நேரம். அன்றைய நாள் முழுக்க மீதி, அதற்கு மேல் இரண்டு நாள். மழை அச்சம் கிடையாது. ஓவருக்கு இரண்டு ரன் எடுத்தால்கூட 74 ஓவரில் 147 வந்துவிடும். ஒரு நாள் கணக்கே 90 ஓவர்.

நடந்தது வேறு. ரோஹித் 11-ல் ஹென்றியைப் புல் செய்யப் போய் பந்து மேலே எழும்பி கேட்ச். கில் ஒரு ரன்னில், சுழல் வீரர் அஜாஸ் படேல் பந்து வெளியே போகும் என்று மட்டையைத் தூக்கி விட்டுவிட்டுப் போல்டு. கோலி ஒரு ரன்னில் ஸ்லிப்பில் கேட்ச். ஜெய்ஸ்வால் 5-ல் கிளென் பிலிப்ஸிடம் எல்பிடபிள்யூ. சர்ஃபராஸ் ஒரு ரன்னில், ஃபுல் டாஸை ஸ்வீப் செய்து ஸ்கொயர் லெக்கில் நின்றவர் கையிலேயே கொடுத்தார். எட்டாவது ஓவரில் 29/5.

ஐந்து அவுட்டையும் பிரித்துப் பார்த்தால் பிட்ச் செய்த வேலை ஒன்றிரண்டில்தான் தெரியும். புல்லும் ஃபுல் டாஸும் பிட்ச் கணக்கில் வராது. விட்டுவிட்டுப் போல்டு ஆவது லைன் கணிப்பில் விழுந்த பிழை. பந்து திரும்பும் என்ற பயம், திரும்பாத பந்துகளில் விக்கெட்டை வாங்கிக் கொடுத்தது. முதல் நாள் மாலையிலும் இதுவே நடந்தது. 78/1 என்று வசதியாக இருந்தபோது, ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்க, ஜெய்ஸ்வால் ரிவர்ஸ் ஸ்வீப் ஆடிப் போல்டு. நாள் முடியும் நேரத்தில் முக்கிய ஆட்டக்காரரைக் காக்க, இரவுக் காவலாளியாக முன்னதாக இறங்கிய சிராஜ் அடுத்த பந்திலேயே எல்பிடபிள்யூ. கோலி இல்லாத சிங்கிளுக்கு ஓடி ஹென்றியின் நேரடித் த்ரோவில் ரன் அவுட். 86/4.

பந்த் மட்டும் 57 பந்தில் 64 அடித்தார். 106-ல் அவர் போன விதம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. களநடுவர் நாட் அவுட் என்றார். நியூசிலாந்து ரிவ்யூ கேட்டது. பந்து மட்டையைக் கடக்கும் நேரத்தில் சத்தத்தைப் பதிவு செய்யும் ஸ்னிக்கோவில் அசைவு தெரிந்தது. அது மட்டை பேடில் பட்ட சத்தம் என்று பந்த் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. அந்த ஒரு தீர்ப்பே தோல்விக்குக் காரணம் என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்டதை ஏற்க முடியாது. அப்போது தேவைப்பட்டது 41 ரன், கையில் மூன்று விக்கெட், களத்தில் வாஷிங்டன். அஸ்வின் ரிவர்ஸ் ஸ்வீப்பில் போனார், அடுத்த பந்தில் ஆகாஷ் தீப் போல்டு. 29.1 ஓவரில் கதை முடிந்தது. அஜாஸுக்கு அந்த இன்னிங்ஸில் 6, ஆட்டத்தில் 11. மூன்று டெஸ்டோ அதற்கு மேலோ கொண்ட சொந்த மண் தொடரில் இந்தியா ஒன்றுகூட மிச்சமில்லாமல் தோற்றது அதுதான் முதல்முறை.

தொடரின் கணக்கு: ரோஹித் ஆறு இன்னிங்ஸில் 91, கோலி ஆறு இன்னிங்ஸில் 93. பந்த் 261. "ஐபிஎல் ஆட்டம் ஆடித்தான் கெட்டார்கள்" என்று திட்டுபவர்கள், தொடரில் அதிகம் ஐபிஎல் பாணியில் ஆடியவரே அதிக ரன் எடுத்தார் என்பதையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

ஈடன் கார்டன்ஸ்

இங்கே பிட்ச் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக இல்லை. ஒரு பந்து முட்டிக்குக் கீழே, அடுத்தது நெஞ்சுக்கு. தென்னாப்பிரிக்கா 57 வரை விக்கெட் இழப்பின்றி இருந்து 159-ல் முடிந்தது. பும்ரா 27 ரன்னுக்கு 5. இந்தியா 189. அதிலும் கில், சுழல் வீரர் ஹார்மரை ஸ்வீப் செய்து பவுண்டரி அடித்த கையோடு கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், திரும்ப ஆடவில்லை. இரண்டாம் நாள் முடிவில் தென்னாப்பிரிக்கா 93/7. முன்னிலை வெறும் 63.

ஆட்டத்தை மாற்றியது மூன்றாம் நாள் காலை. தென்னாப்பிரிக்கக் கேப்டன் பவுமாவும் கார்பின் போஷும் எட்டாவது விக்கெட்டுக்கு 44 ரன் சேர்த்தார்கள். பவுமா 136 பந்தில் 55 நாட் அவுட். ஆட்டம் முழுவதிலும் அது ஒன்றுதான் அரைசதம். அவர் ஆடிய விதத்தில் வித்தை எதுவும் இல்லை. மட்டை பேடுக்கு முன்னால், கை தளர்வாக, பந்து கண்ணுக்குக் கீழே வரும்வரை காத்திருந்து ஆடுவது. வெளியே போவதைத் துரத்தாமல் விடுவது. கால் பக்கம் வந்தால் ஒரு ரன். இரண்டு அணியிலும் இதை அவர் அளவுக்கு விடாமல் செய்தவர் வேறு யாரும் இல்லை.

பிறகு இந்தியாவின் 124. வேகப்பந்து வீச்சாளர் யான்சென் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களையும் ஒரு ரன்னுக்குள் அனுப்பினார். ஜுரெல் 13-ல் ஹார்மரின் ஷார்ட் பந்தைப் புல் செய்து எல்லைக்கோட்டில் கேட்ச். பந்த் ஹார்மரிடமே கேட்ச் கொடுத்தார். ஜடேஜா எல்பிடபிள்யூ. 31 வரை பொறுமையாக நின்ற வாஷிங்டன், பகுதிநேர ஆஃப் ஸ்பின் போட்ட மார்க்ரமிடம் ஸ்லிப் கேட்ச். கடைசியில் அக்சர் மஹராஜை இரண்டு சிக்ஸர் அடித்துவிட்டு, அதே ஓவரில் மறுபடி தூக்க, பவுமா பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தார். அடுத்த பந்தில் சிராஜ். கில் ஆட வராததால் ஒன்பது விக்கெட்டோடு ஆட்டம் முடிந்தது. ஹார்மர் 4/30, 4/21.

அணி கேட்ட பிட்ச்தான் கிடைத்தது என்று பயிற்சியாளர் கம்பீர் ஆட்டம் முடிந்ததும் சொன்னார். பிட்ச் தயாரித்தவர் மேல் பாய்ந்த ரசிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓவருக்கு எத்தனை?

மும்பையில் இந்தியா ஓவருக்கு 4.15 ரன் வேகத்தில் தோற்றது. கொல்கத்தாவில் 35 ஓவரில் 93, அதாவது 2.66. ஒன்றில் அவசரம், மற்றதில் முடக்கம். ஆகவே "அடித்து ஆடித் தோற்றார்கள்" என்பதும் "கட்டை போட்டுத் தோற்றார்கள்" என்பதும் தனித்தனியாகப் பாதி உண்மை.

சுழலும் பிட்சில் இந்தியா அண்மையில் எட்டிய இரண்டு இலக்குகளை எதிரே வைத்துப் பார்க்கலாம். 2022 டிசம்பர், மிர்பூர், இலக்கு 145. 74/7 என்று கிடந்த அணியை அஸ்வின் 42, ஷ்ரேயாஸ் 29 என்று நாட் அவுட்டாக நின்று கரைசேர்த்தார்கள். 47 ஓவர், ஓவருக்கு 3.09. 2024 பிப்ரவரி, ராஞ்சி, இங்கிலாந்துக்கு எதிராக 192. 84/0 என்று இருந்து 120/5-க்குச் சரிந்த பிறகு கில்லும் ஜுரெலும் உடையாத 72 ரன் சேர்த்தார்கள். 61 ஓவர், ஓவருக்கு 3.15.

அந்த ராஞ்சி இன்னிங்ஸைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். கில் 124 பந்தில் 52. அதில் ஒரு பவுண்டரிகூட இல்லை. இரண்டு சிக்ஸர், அவ்வளவுதான். மீதி 40 ரன்னும் ஓடி எடுத்தது. ஒருவர் ஒரே முனையில் ஆறு பந்தும் சிக்கிக் கிடக்கும்போதுதான் மட்டையை ஒட்டி நிற்கும் ஷார்ட் லெக்கும் சில்லி பாயிண்டும் ஸ்லிப்பும் வேலை செய்யும். மூன்றாவது பந்தில் ஒரு ரன் எடுத்து முனை மாறினால் பந்து வீச்சாளர் ஃபீல்டை மாற்ற வேண்டும், லைனை மாற்ற வேண்டும். எதிர்முனையில் இடக்கை ஆட்டக்காரர் இருந்தால் இரண்டையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். டர்னிங் டிராக்கில் சுழல் பந்து வீச்சாளருக்குப் பிடிக்காத ஒரே விஷயம் ஒரே ஆளுக்குத் தொடர்ந்து நான்கு பந்து போட முடியாமல் போவது.

இது தனியாகவே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் 231 என்ற இலக்கைத் துரத்தியபோது வேகம் ஏறக்குறைய இதேதான், ஆனாலும் அறிமுக ஆட்டக்காரர் டாம் ஹார்ட்லி 62 ரன்னுக்கு 7 எடுத்து 28 ரன்னில் தோற்கடித்தார். அங்கே 119-க்குள் ஏழு விக்கெட் போய்விட்டது. ஓவருக்கு மூன்று என்பது மந்திரம் கிடையாது. ஆனால் அந்த வேகத்தில் ஆடும் ஜோடி ஒன்றாவது நிலைத்தால் 150-க்குள் உள்ள இலக்கு தானாக வந்துவிடும். மும்பையில் அப்படி ஒரு ஜோடி 42 ரன்னில் பிரிந்தது. கொல்கத்தாவில் அதுகூட இல்லை.

17 சென்டிமீட்டர்

டிவியில் "திரும்புகிறது, திரும்புகிறது" என்கிறார்கள். எவ்வளவு திரும்பினால் அவுட்? ஐந்து டிகிரி திரும்பும் பந்தை எடுத்துக்கொள்வோம். பந்து விழுந்த இடத்திலிருந்து மட்டை இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், பந்து தன் பழைய பாதையிலிருந்து சுமார் 17 சென்டிமீட்டர் விலகியிருக்கும். மட்டையின் அதிகபட்ச அகலம் 10.8 சென்டிமீட்டர்தான். மட்டையின் நடுவில் ஆட நினைத்த பந்து விளிம்பையும் தாண்டிப் போய்விடும், அல்லது உள்ளே வந்து பேடில் அடிக்கும். அதே பந்துக்குக் காலை நன்றாக நீட்டி, விழுந்த இடத்துக்கு அரை மீட்டருக்குள் மட்டையைக் கொண்டுபோனால் விலகல் நான்கரை சென்டிமீட்டருக்குள். மட்டை முகத்திலேயே படும். இன்னொரு வழி கிரீஸுக்குள் ஆழமாகப் பின்னால் போவது. விலகல் அதிகம்தான், ஆனால் மூன்று மூன்றரை மீட்டர் பயணத்தைப் பார்த்து ஆட நேரம் கிடைக்கும்.

கொல்வது நடுவழி. அரை அடி மட்டும் காலை முன்னே வைத்து, கையை நீட்டி, பந்தை நோக்கி மட்டையைத் தள்ளுவது. இந்த இரு ஆட்டங்களில் மட்டையும் பேடும் சேர்ந்த கேட்ச், ஸ்லிப் கேட்ச், எல்பிடபிள்யூ என்று போன பல விக்கெட்டுக்கு மூலம் இந்த அரை அடிதான்.

இதை ஏன் ஆடுகிறார்கள்? ஒரு காரணம் டிஆர்எஸ், அதாவது நடுவர் தீர்ப்பைக் கணினி உதவியோடு மறுபரிசீலனை செய்யும் முறை. முந்தைய தலைமுறை நீட்டிய பேடால் பந்தைத் தடுத்துவிட்டு, மட்டையைப் பேடுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. முன்காலில் பட்டால் பெரும்பாலும் நடுவர் கையைத் தூக்க மாட்டார். பந்தின் பாதையைக் கணினி காட்டத் தொடங்கியதும் அந்தத் தப்பிக்கும் வழி அடைபட்டது. இப்போது மட்டை முன்னால் வந்தே ஆக வேண்டும்; முன்னால் வரும் மட்டைக்குத் தளர்ந்த கை இல்லையென்றால் ஷார்ட் லெக் கொண்டாடுவார். இன்னொரு காரணம் வெள்ளைப் பந்து. டி20-யில் சுழலுக்குக் கால் நகர்த்தாமல் நின்ற இடத்திலிருந்தே அடிப்பது லாபம். ஆண்டில் பெரும்பகுதி அதைச் செய்த கால், நவம்பரில் ஐந்து நாளுக்கு மட்டும் நீளாது. ரஞ்சியில் பழகலாம் என்றால், முதல் வரிசை ஆட்டக்காரர்களுக்கு நாட்காட்டியில் இடமில்லை. 2025 ஜனவரியில் வாரியம் வற்புறுத்திய பிறகுதான் ரோஹித்தும் கோலியும் பல ஆண்டு கழித்து ரஞ்சியில் ஆளுக்கொரு ஆட்டம் ஆடினார்கள். அதற்குள் தொடர்கள் கைவிட்டுப் போயிருந்தன.

பிட்ச் யாருக்கு உதவுகிறது?

சுழலும் பிட்ச் இந்தியாவுக்குச் சாதகம் என்பது பழைய கணக்கு. பந்து தாறுமாறாகத் திரும்பும் பிட்சில் அது பல முறை பொய்த்திருக்கிறது. 2017 புனேயில் ஸ்டீவ் ஓ'கீஃப் 6/35, மறுபடி 6/35. இந்தியா 105, 107. 2023 இந்தூரில் மாத்யூ கூனமன் தன் இரண்டாவது டெஸ்டிலேயே 16 ரன்னுக்கு 5. லயன் இரண்டாவது இன்னிங்ஸில் 8/64. ஆஸ்திரேலியா ஒன்பது விக்கெட்டில் வெற்றி. பிறகு மும்பை, கொல்கத்தா. ஓ'கீஃபும் கூனமனும் உலகை ஆண்ட சுழல் வீரர்கள் அல்லர். இந்தப் பிட்சுகளில் அப்படி இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

காரணம் எளிது. நல்ல பிட்சில் ஒரு நல்ல ஆட்டக்காரரை வீழ்த்த வீச்சாளர் ஐந்தாறு ஓவர் திட்டம் போட வேண்டும். மிதப்பை மாற்ற வேண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், கிரீஸின் ஓரத்திலிருந்து போட வேண்டும். அஸ்வினுக்கும் ஜடேஜாவுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் ஓவர் ஓவராகச் சேர்ந்து கனக்கும். முதல் நாளே பொடியாகும் பிட்சில் ஒரே லெந்தில் போட்டுக்கொண்டே இருந்தால் போதும். மீதியை மண் பார்த்துக்கொள்ளும். அஸ்வினுக்கு இருந்த ஐந்து ஆயுதங்களில் நான்கு அங்கே வீண். டாஸின் எடையும் கூடிவிடுகிறது. மும்பை, கொல்கத்தா இரண்டிலும் டாஸ் எதிரணிக்கு, கடைசி இன்னிங்ஸ் இந்தியாவுக்கு.

அதோடு இழப்பு ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. பும்ராவை வைத்துக்கொண்டு பழைய பந்து காற்றில் ரிவர்ஸ் ஸ்விங் ஆகும் பிட்சைக் கேட்காமல் இருப்பது வீண். கொல்கத்தாவின் பொடிப் பிட்சிலேயே அவர் ஐந்து எடுத்தார்.

அணித் தேர்வு

மூன்றாம் இடத்தைப் பார்த்தாலே போதும். புஜாராவின் கடைசி டெஸ்ட் 2023 ஜூனில். அதன் பிறகு கில் சில காலம். 2025 ஜூன் முதல் நவம்பர் வரை அந்த இடத்தில் சாய் சுதர்சன், கருண் நாயர், மறுபடி சுதர்சன், கொல்கத்தாவில் வாஷிங்டன், குவாஹாட்டியில் மறுபடி சுதர்சன். டெல்லி டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 87-ம் 39-ம் எடுத்த சுதர்சன் அடுத்த டெஸ்டில் வெளியே. அவர் இடத்தில் வந்த வாஷிங்டன் 29, 31 என்று குறை சொல்ல முடியாமல்தான் ஆடினார். ஆனால் பந்து வீசத்தான் அவரைச் சேர்த்தார்கள் என்றால் அவர் கைக்குப் பந்து வந்ததே அபூர்வம். நான்கு சுழல் வீரர்களைச் சேர்த்துவிட்டு ஒருவரை ஏறக்குறையப் பயன்படுத்தவே இல்லை என்றால், ஒரு பேட்ஸ்மேனைச் சும்மா விட்டுக்கொடுத்ததாகத்தான் பொருள்.

கொல்கத்தா பதினொருவரில் ஜெய்ஸ்வால், வாஷிங்டன், பந்த், ஜடேஜா, அக்சர், குல்தீப் என ஆறு பேர் இடக்கை. எதிரே ஹார்மர் என்ற ஆஃப் ஸ்பின்னர். ஆஃப் ஸ்பின் இடக்கைக்காரரை விட்டு வெளியே திரும்பும். எதிரணியின் பதினொருவரைப் பார்த்துவிட்டு இவ்வளவு இடக்கையை அடுக்குவது அசட்டுத்தனம்.

குவாஹாட்டி எழுப்பும் மறுப்பு

பிட்ச் மட்டும்தான் குற்றவாளி என்றால், அடுத்த வாரம் குவாஹாட்டியில் நடந்ததற்கு என்ன பதில்? அங்கே பேட்டிங்குக்கு உதவும் பிட்ச். தென்னாப்பிரிக்கா 489; முத்துசாமி 109, யான்சென் 93. இந்தியா 95/1-லிருந்து 122/7. யான்சென் ஷார்ட் பந்து போட்டே 48 ரன்னுக்கு 6 எடுத்தார். கேப்டனாக இருந்த பந்த் இறங்கி அடிக்கப் போய் கீப்பரிடம் கேட்ச். அந்த இன்னிங்ஸில் அதிகப் பந்து சந்தித்தவர் குல்தீப்: 134 பந்து, 19 ரன். அவரும் வாஷிங்டனும் சேர்த்த 72 இல்லையென்றால் 201-கூட வந்திருக்காது. 549 இலக்குக்கு எதிராக 140, ஹார்மர் 6/37. 408 ரன் தோல்வி. ரன் கணக்கில் இந்தியாவின் மிகப் பெரிய டெஸ்ட் தோல்வி அது.

இந்த மறுப்பை ஒதுக்க முடியாது. பேட்டிங் நோய் தனியாகவே இருக்கிறது. கெட்ட பிட்ச் அதை உண்டாக்கவில்லை. ஆனால் நோயுள்ள பேட்டிங்கை வைத்துக்கொண்டு, பேட்டிங்கே செய்ய முடியாத பிட்சைக் கேட்டு வாங்கியது அணி நிர்வாகம். அணியின் வலிமையான பகுதி பந்துவீச்சு. 20 விக்கெட் எடுக்க அதற்குப் பொடிப் பிட்ச் தேவையே இல்லை. ஹைதராபாத்தில் தோற்ற பிறகு அதே இங்கிலாந்துத் தொடரில் விசாகப்பட்டினம், ராஜ்கோட், ராஞ்சி, தர்மசாலா என்று நான்கையும் முதல் நாளே பொடியாகாத பிட்சில்தான் ஜெயித்தார்கள். "பயிற்சியாளரை மாற்று" என்ற கோஷம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிட்ச் கேட்பதும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பதும் அவர் பங்கு, அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஜெய்ஸ்வாலின் ரிவர்ஸ் ஸ்வீப்புக்கு அவர் பொறுப்பாக முடியாது.

2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்டுக்கு வருகிறது. அதற்கு எந்த மாதிரிப் பிட்ச் கேட்பது என்று நிர்வாகம் யோசித்தால், நியூசிலாந்து தொடருக்கு ஒரு மாதம் முன்பு, 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராகப் போட்ட செம்மண் பிட்ச் கையிலேயே இருக்கிறது. முதல் நாளில் ஹசன் மஹ்மூத் வேகத்தில் தடுமாறி இந்தியா 144/6. பிறகு பந்து மட்டைக்கு நேராக வந்தது. அஸ்வின் 113, ஜடேஜா 86, இருவரும் சேர்ந்து 199. பும்ரா முதல் இன்னிங்ஸில் நான்கு எடுத்தார். மூன்றாம் நாளில் கில்லும் பந்தும் சதம் அடித்தார்கள். சுழல் பெரிதாக வேலை செய்யத் தொடங்கியது கடைசி இன்னிங்ஸில்தான். அஸ்வின் 88 ரன்னுக்கு 6. ஆட்டம் நான்காம் நாளில் முடிந்தது, இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் வென்றது.